பாஷ்யம் வீட்டு மர ஸ்டியரிங்

“இது அசல் இல்லீங்க.”

சடையப்பன் இதைச் சொன்னபோது வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. பாஷ்யத்துக்கு முதலில் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது விழுந்தது. அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தேடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாப்பாட்டு மேஜையின் மேல் வெள்ளைத் துண்டு விரித்து, அதில் ஒரு மர ஸ்டியரிங்கை வைத்திருந்தார்கள். மூன்று அலுமினியக் கம்பிகள், சுற்றிலும் சிவந்த மரத்தில் ஒரு வளையம், வளையம் நெடுக ரிவிட்டுகள். பாஷ்யத்தின் அப்பா சென்னையில் பெரிய வக்கீலாக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டு அதிகாரியிடம் வாங்கிய இத்தாலிய காரின் ஸ்டியரிங் அது. மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவில் இருக்கும் அந்த வீட்டின் ஷெட்டில், எழுபத்தாறு வயதுப் பாஷ்யத்தைவிட நல்ல ஆரோக்கியத்தோடு அந்தக் கார் நிற்கிறது. கண்ணில் புரை விழுந்த பிறகு அவர் அதை ஓட்டுவதில்லை. தினம் காலையில் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு சரி.

காரை விற்றுவிடலாம் என்று முடிவானதும், விலை மதிப்பிட வந்தவர்தான் சடையப்பன். பழைய கார்களின் மர ஸ்டியரிங் விஷயத்தில் அவர் சொன்னால் வாங்குகிறவரும் விற்கிறவரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

பாஷ்யத்தின் சகோதரி மகன் அச்சுதன், மேஜைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போலீசுக்குப் போன் செய்தான்.

மாமல்லபுரம் இன்ஸ்பெக்டர் பூவாயி மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். சட்டையில் இருக்கும் பெயரைப் படிக்கிறவர்கள் நிமிர்ந்து ஆளை இன்னொரு தரம் பார்ப்பார்கள். அவருக்கு அது பழகிப்போய்விட்டது. அன்றைக்கு அவருக்குப் பழகாதது, ஒரு ஸ்டியரிங்குக்காக ஒரு வீடே இழவு வீடு மாதிரி இருந்ததுதான்.

“இதோட விலை என்ன இருக்கும்?” என்று கேட்டார்.

“அசலா இருந்தா ஊரப்பாக்கத்துல ஒரு பிளாட் வாங்கலாம் மேடம். இது, பொங்கலுக்கு அடுப்புல போடலாம்.”

சடையப்பனுக்கு நெற்றியில் மூன்று பட்டை விபூதி, கையில் பூதக்கண்ணாடி, குரலில் வாத்தியார்த்தனம். எஞ்சினைப் புதிதாகச் செய்துவிடலாம், தகரத்தைத் தட்டிவிடலாம், அந்தக் காலத்து மரத்தை மட்டும் இனிமேல் யாராலும் செய்ய முடியாது என்று ஆரம்பித்தார். அசலில் ஒவ்வொரு ரிவிட்டும் கையால் அடித்தது, அதனால் இடைவெளி முன்னே பின்னே இருக்கும். இதில் ஸ்கேல் வைத்து அடித்தது போல் இருக்கிறது. அந்தக் கார் இடது பக்கம் ஸ்டியரிங் வைத்த வண்டி. ஓட்டுகிறவரின் வலது கை கியரில் இருக்கும், இடது கைதான் எப்போதும் வளையத்தில் இருக்கும். அதனால் இடது பக்கம் மட்டும் மரம் தேய்ந்து வழுக்க வேண்டும். இதிலோ சுற்றிலும் ஒரே மாதிரித் தேய்ப்பு, உப்புத்தாள் வேலை.

பூவாயி குனிந்து பார்த்தார். ரிவிட் தலைகளைச் சுற்றி மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகக் காய்ந்து அடைந்திருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜை கண்ட வண்டிகளில் எல்லாம் இருப்பதுதான்.

“பார்த்தா பழசு மாதிரிதானே இருக்குது?”

“அழுக்கை அப்புறது கஷ்டமில்ல மேடம். மரத்தோட வயசை அப்ப முடியாது.”

கடைசியாக இதை வண்டியிலிருந்து கழற்றி வெளியே கொண்டுபோனவர் யார் என்று சடையப்பனே கேட்டார். பாஷ்யம் தலையைத் தூக்கினார்.

“ஜெரோம். மூணு வாரம் முன்னாடி ரெண்டு ரிவிட் ஆடறதுன்னு எடுத்துண்டு போனான். எட்டு வருஷமா வண்டியைப் பாக்கறவன், நம்பிக் கொடுத்தேன். திரும்பி வந்தப்போ தடவிப் பாத்தேன், வழவழன்னு இருந்தது. எங்கப்பா காலத்துலேர்ந்து அதுல இருந்த சந்தனம் குங்குமம் ஒரு பொட்டுகூடக் கைக்குத் தட்டலை. அப்பவே மனசுக்குச் சரியாப் படலை. புதுசை மாட்டிட்டான்னு எனக்குத் தோணலையே.”

கிழவர் அழுதுவிட்டார். பூவாயி அதற்கு மேல் அவரைக் கேட்கவில்லை. மற்ற இருவரிடமும் கேட்டார். ஜெரோம் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கி வண்டியில் மாட்டியவன் அச்சுதன். இன்று காலை கழற்றியவனும் அவன்தான். சடையப்பன் இரண்டு மாதம் முன்பு ஒருமுறை வந்து, வண்டியில் இருந்தபடியே ஸ்டியரிங்கைப் படம் எடுத்துப் போயிருக்கிறார். இன்று மதியம், விளக்கு வைத்துப் பார்க்க இருட்டு வேண்டும் என்று அதைப் பக்கத்து அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். விளக்கு வைக்கும் பெரிய பை அவரோடு இருந்தது. வெளியே வந்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

யாரும் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, பூவாயி போலி ஸ்டியரிங்கை வழக்குப் பொருளாக எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் பழைய மாருதி ஒன்று பளபளவென்று நின்றிருந்தது. சடையப்பனின் கார். எண்பத்தாறாம் வருஷத்து வண்டி, ஒரு ஸ்க்ரூ கூட மாற்றவில்லை என்று கேட்காமலே சொன்னார். மர ஸ்டியரிங்குக்கு உறை போடுகிற முட்டாள்களைப் பற்றியும் சொன்னார். வேர்வை உள்ளேயே நின்று மரம் ஊதிப்போகுமாம்.

மாலை ஆறு மணிக்கு ஜெரோம் கைதானார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அவருடைய ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டியும் ஸ்டியரிங் கிடைக்கவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் போகாத கைகள்.

“எங்கே வித்த?”

“விக்கல மேடம். ரெண்டு ரிவிட்டு டைட் பண்ணேன். தொடப்பக்குச்சியால இண்டு இடுக்கெல்லாம் சொரண்டி எடுத்துட்டு எண்ணெ போட்டேன். அவ்ளோதான்.”

“எதைச் சொரண்டின?”

“சந்தனம், குங்குமம். ஐயங்கார் வூட்டு வண்டி, வருஷா வருஷம் வெப்பாங்க. அது ஈரம் இழுத்து மரத்த அரிச்சிகினு இருந்துச்சு.”

“போலி எங்கே செஞ்ச?”

ஜெரோம் வேறு ஒன்றைச் சொன்னார். நாளை மறுநாள் காலை அவர் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். திங்கட்கிழமை ஆப்பரேஷன். அவர் மனைவி சாராளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. இவருடையதில் ஒன்று பொருந்தியிருக்கிறது.

“இந்தத் தேதிக்கு ஒரு வருசம் அலைஞ்சோம் மேடம். உட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. அவளுக்கு அவ்ளோ நாள் தாங்காதுன்னு டாக்டரே சொல்ட்டாரு.”

பூவாயி இருபது வருஷமாகப் போலீஸ். பெஞ்சில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும். ஆனால் ஜெரோம் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டு உண்மையான சீட்டு.

சனிக்கிழமை காலை சாராள் ஸ்டேஷனுக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி இடது கையில் நரம்பு கயிறாகத் தடித்திருந்தது. பூவாயியின் மேஜைக்கு நேராக வந்து நின்றார்.

“நான்தான் எடுத்தேன்னு எழுதிக்குங்க மேடம். அவருக்கு ஒண்ணும் தெரியாது. என்ன உள்ள போடுங்க.”

“உன்னை உள்ளே போட்டா அவர் கிட்னி யாருக்கும்மா?”

“யாருக்கும் வேணாம். அவரு பேரு கெடாம இருந்தாப் போதும். எட்டு வருசமா அந்த வண்டியக் கொழந்த மாதிரி பாத்துகினாரு. திருடன்னு சொல்லி அவர இட்டுகினு போனா, ஆப்பரேஷன் பண்ணி நான் பொழச்சிதான் இன்னா?”

பூவாயி நாற்காலியைக் காட்டினார். சாராள் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். இந்த வழக்கில் தனக்கு ஏதோ ஒன்று உறுத்துகிறது என்று பூவாயிக்குத் தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை போலீஸ்காரருக்கு இல்லை.

அன்று காலையே அச்சுதனின் அறையையும், சடையப்பன் தங்கியிருந்த லாட்ஜ் அறையையும், பையையும், மாருதியின் டிக்கியையும் சோதித்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை. சடையப்பன் கோபித்துக்கொள்ளவே இல்லை. பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். ஜீப்பை மறித்து மாருதியை நிறுத்திவிட்டார் என்று டிரைவர் பார்த்திபன் சத்தம் போட, வண்டியை நகர்த்தப் போனார். உட்காரும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. உடம்பைக் கோணி உள்ளே நுழைந்தார். வளையம், கம்பி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கறுப்புத் தோலுறை தைத்திருந்த ஸ்டியரிங். பூவாயி ஜன்னல் வழியாக இதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஃபைலைப் புரட்டினார்.

பன்னிரண்டு மணிக்கு டி.எஸ்.பி. பேசினார். பொருள் கிடைக்காமல் ஆளை விட முடியாது, சாயங்காலம் ஆறு மணிக்குள் செங்கல்பட்டு மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர் செய்து ரிமாண்ட் வாங்கு என்றார். ஆப்பரேஷன் விஷயத்தைப் பூவாயி சொன்னார். ஜாமீன் மனு திங்கட்கிழமை போடச் சொல் என்று பதில் வந்தது. திங்கட்கிழமைதான் ஆப்பரேஷன் என்பதை மறுபடி சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

வேறு வழியில்லை. ஜெரோமை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். சாராள் பின்னாலேயே வந்து ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இழுக்கவும் இல்லை, கத்தவும் இல்லை, பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை எடுத்துவிட ஸ்டேஷனில் யாருக்கும் மனசு வரவில்லை.

பூவாயி முன் சீட்டில் ஏறினார். பார்த்திபன் தன் வழக்கப்படி சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, ஸ்டியரிங்கில் மூன்று விரலால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுச் சாவியைத் திருகினார்.

“வண்டியை நிறுத்து,” என்றார் பூவாயி.

பார்த்திபன் திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஜீப்பில் நாலு வருஷமாகத் தினமும் பார்க்கிற வெள்ளை. தன் வீட்டு டிராக்டரில், அண்ணன் லாரியில், சின்ன வயசிலிருந்து பார்த்த வெள்ளை. பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போன வெள்ளை.

அவர் இறங்கி உள்ளே ஓடினார். அலமாரியிலிருந்து போலி ஸ்டியரிங்கை எடுத்து, குண்டூசியால் ரிவிட் இடுக்கில் இருந்த வெள்ளையைக் கிள்ளி விரலில் தேய்த்து முகர்ந்தார். பிறகு பாஷ்யத்துக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் மிகுந்த கோபத்தோடு வந்தது. இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கோபம் இனித்தது.

மூன்று மணிக்கு எல்லாரும் பாஷ்யம் வீட்டு ஹாலில் இருந்தார்கள். பாஷ்யம், அச்சுதன், சடையப்பன், ஜெரோம். சாராளை வெளியே நிறுத்த மனசில்லாமல் பூவாயி உள்ளேயே உட்கார வைத்தார். நேற்றைய மேஜை, நேற்றைய துண்டு, அதே போலி ஸ்டியரிங்.

“சார், ஜெரோம் கொடுத்தப்ப இது எப்படி இருந்ததுன்னு சொன்னீங்க?”

“வழவழன்னு இருந்தது.”

“இப்ப தடவிப் பாருங்க.”

பாஷ்யம் தயங்கிக் கையை வைத்தார். வளையத்தைச் சுற்றி விரல்கள் போயின. ஒரு ரிவிட்டில் நின்றன. அடுத்ததில் நின்றன. அவர் புருவம் சுருங்கியது.

“சொரசொரங்கறதே.”

“சொரசொரங்கும். ஒவ்வொரு ரிவிட்டிலும் அப்பியிருக்குது. மூணு வாரம் முன்னாடி ஜெரோம் கொடுத்ததுல இது இல்ல. அதுக்கப்புறம் பூஜை ஏதாவது வந்ததா? வரல. அப்ப ஜெரோம் கொடுத்தது வேற, மேஜை மேல கிடக்கிறது வேற. வழவழன்னு இருந்துச்சே, அதுதான் சார் உங்க அப்பா ஸ்டியரிங். நீங்க அதையே சந்தேகப்பட்டீங்க. நானும் உங்க பேச்சைக் கேட்டு இவரைப் பிடிச்சு வெச்சேன்.”

சாராள் வாயைப் பொத்திக்கொண்டார்.

“மாத்தினது அதுக்கு அப்புறம். அப்புறம் ஸ்டியரிங்கோட தனியா இருந்தவங்க ரெண்டே பேரு,” என்றார் பூவாயி.

அச்சுதனின் முகம் வெளுத்தது. பூவாயி அவன் பக்கம் திரும்பி, பயப்படாதே என்பது போல் கையைக் காட்டினார்.

“தம்பிதான் வாங்கி மாட்டினது. சுத்தமா இருந்தது தம்பிக்குத் தெரியும். தெரிஞ்சவன் அழுக்கு வெச்சுப் போலி செய்ய மாட்டான். இன்னொண்ணு, இந்த இடுக்குல மஞ்சள் இருக்குது, சிவப்பு இருக்குது, வெள்ளையும் இருக்குது. அந்த வெள்ளை விபூதி. சார், மதியம் போன்ல கேட்டேனே, அதை இவங்க முன்னாடி சொல்லுங்க.”

“எங்காத்துல விபூதி ஏது?” பாஷ்யத்தின் குரலில் இன்னும் கோபம் இருந்தது. “சந்தனம், குங்குமம். எங்கப்பா காலத்துலேர்ந்து அவ்வளவுதான்.”

“நேத்தே நான் இந்த வெள்ளையைப் பாத்தேன். என் கண்ணுக்குத் தப்பாத் தெரியல. நான் வளர்ந்த வீட்டுல ஸ்டியரிங்னா விபூதி இல்லாம இருக்காது. இதைச் செஞ்சவருக்கும் அப்படித்தான். இந்த வீட்டுல பிறந்தவருக்கு இந்தத் தப்பு வரவே வராது. ரெண்டு மாசம் முன்னாடி எடுத்த படத்துல காஞ்ச சந்தனம் வெளுத்துத் தெரிஞ்சிருக்குது. அதை விபூதின்னு நினைச்சுட்டீங்க சடையப்பன்.”

சடையப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

“படத்தைப் பாத்துப் போலி செஞ்சீங்க. கதவைச் சாத்தினப்புறம்தான் அசல் சுத்தமா இருக்கிறதைப் பாத்திருப்பீங்க. அப்ப உங்ககிட்ட இருந்தது இந்த ஒரு போலிதான். சாருக்குக் கண்ணு தெரியாது, சமாளிச்சுக்கலாம்னு அசலை விளக்குப் பைக்குள்ள போட்டுட்டு, இதை மேஜையில கொண்டுவந்து வெச்சு, நீங்களே போலின்னு சொன்னீங்க. வேற யாராவது பின்னால கண்டுபிடிச்சா, கடைசியாத் தொட்டது நீங்கன்னு ஆகும். நீங்களே சொன்னா, அதுக்கு முன்னாடி தொட்டவன் மாட்டுவான்.”

“மேடம், என் ரூம், பை, வண்டி எல்லாம் பாத்தீங்க,” என்றார் சடையப்பன். “கிடைச்சதா?”

“வண்டியில டிக்கியைத்தான் பாத்தோம். வாங்க.”

வாசலில் மாருதி நின்றது. ஒரு ஸ்க்ரூ கூட மாற்றாத மனிதர் ஸ்டியரிங்கை மட்டும் ஏன் தோலால் மூடினார், சின்னக் காரில் முழங்கால் இடிக்கிற அளவுக்கு அத்தனை பெரிய வளையம் ஏன் என்று காலையிலேயே கேட்டிருக்க வேண்டும் என்றார் பூவாயி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தன்னிடமே சொன்ன மாதிரி இருந்தது. பார்த்திபன் பிளேடால் உறையின் தையலைக் கிழித்தார்.

கறுப்புத் தோலுக்கு அடியில் சிவந்த மரம் தெரிந்தது.

சடையப்பன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாக மற்றவர்களுடைய அசலுக்கு விலை சொன்னேன், ஒன்றுகூட என் கையில் நின்றதில்லை என்று முணுமுணுத்தார். அதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. ஜெரோம்தான் காருக்குள் கையை விட்டு, மரத்தின் இடது பக்கத்தைத் தடவினார். ரிவிட்டுகளைத் தடவினார்.

“வேர்வ எறங்கல மேடம். நல்லா கீது,” என்றார். பிறகுதான் அழுதார்.

பாஷ்யம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஜெரோமின் முன்னால் நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தவர் வார்த்தை கிடைக்காமல் இரண்டு கையையும் கூப்பினார். ஜெரோம் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

டி.எஸ்.பி.க்குப் போன் செய்து முடித்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. ஜெரோமையும் சாராளையும் நேராக ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று பூவாயி பார்த்திபனிடம் சொன்னார். இன்றைக்கே சேர்ந்துவிட்டால் நாளைக்குள் ஒருவரும் குறுக்கே வர முடியாது என்று அவர் கணக்குப் போட்டார்.

இருவரும் ஜீப்பின் பின்னால் ஏறினார்கள். பார்த்திபன் பழக்கதோஷத்தில் விபூதிப் பொட்டலத்தை எடுத்துவிட்டு, பின்னால் இருப்பவர்களைக் கண்ணாடியில் பார்த்து, சங்கடத்தோடு மறுபடி பைக்குள் போடப் போனார்.

சாராள் முன்னால் சாய்ந்தார். கழுத்தில் இருந்த சிலுவையை ஒரு கையால் பிடித்திருந்தார்.

“வெச்சுக்க நைனா,” என்றார். “நல்லா அழுத்தி வை. ரொம்ப தூரம் போவணும்.”

பார்த்திபன் ஸ்டியரிங்கில் மூன்று விரலால் இழுத்தார். ஜீப் தெரு முனையில் திரும்பிச் சென்னைச் சாலையில் ஏறியது.